சுவருக்கு ஓர் அடையாள அட்டை

கிளெமென்ற் இடக் காதைச் சுவரில் வைத்திருக்கும்போது அந்த வீட்டில் எவரும் குழாயைத் திறக்கக் கூடாது. இரண்டு ரூபாய் நாணயக் குற்றியால் தட்டுவார், கேட்பார், ஒரு சாண் தள்ளித் தட்டுவார். 'டக்' என்றால் பூச்சு கல்லைப் பிடித்திருக்கிறது. 'டொப்' என்றால் ஈரம் உள்ளே புகுந்து பூச்சைக் கழற்றிவிட்டது. ஈரம் கண்ட இடத்தைச் சுற்றி, வலக் காதில் செருகிய பென்சிலால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் தேதி. வலக் காதுக்கு வேறு வேலை இல்லை, அது பத்து வருடமாக மந்தம். கொட்டாஞ்சேனை வீட்டில் அவருடைய மனைவி மரியகொறற்றி சொல்வாள்: "நான் கத்தினாக் கேக்காத மனிசனுக்கு ஊரார்ர பாத்ரூம் சுவர் குசுகுசுக்கிறது கேக்குதாம்."

முப்பது வருடமாகச் சுவர் பூசும் மேசன். பெயின்ற் என்றால் அவருக்கு ஆகாது. சுவர் காயும்வரை சனங்களுக்குப் பொறுமை இல்லையே என்று வருந்துவார். பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் கொண்டக்டரோடு மல்லுக்கு நிற்பார். பூசிய சுவரைப் பார்க்க இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, யாரும் கூப்பிடாமலே, விடியற்காலையில் வந்து நிற்பார். உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். காயாத பச்சைப் பூச்சை மட்டும் தட்டமாட்டார். தட்டினால் கல்லை விட்டுவிடும்.

தொண்ணூற்றேழில் வெள்ளவத்தையில் சரோஜினிதேவி ரீச்சரின் குளியலறை அவர் கைக்கு வந்தது. மேல்வீட்டு பைப் கசிந்து, சுவர் உப்புப் பூத்துக் கிடந்தது. கல் தெரியக் கொத்தி, ஒரு கிழமை ஆறவிட்டு, கதவகலத்துக்குப் புதிதாகப் பூசினார். மூன்று கிழமை காய வேண்டும், பிறகுதான் பெயின்ற் என்றார்.

ரீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. போன தடவை ஆமி சுற்றிவளைத்துத் தேடியபோது, சாவி தொலைந்த ஒரு பழைய பெட்டிக்காக அவருடைய கணவர் நாகேந்திரத்தை இரண்டு நாள் வைத்திருந்து விட்டவர்கள். இப்போது தமிழ் வீட்டுச் சுவரில் கதவகலத்துக்குப் புதுச் சீமெந்து, உள்ளே ஆயுதம் ஒளித்தது என்றுதான் நினைப்பார்கள்.

"இண்டைக்கே அடிச்சு மூடுங்கோ, கிளெமென்ற்."

"ஈரத்துக்கு மேல அடிச்சா ஒரு மாசத்தில அம்மை போட்ட மாதிரிக் கொப்பளிக்கும், ரீச்சர்."

"சுவர் கொப்பளிச்சாப் பரவாயில்லை. இவரை இன்னொருக்காக் கூட்டிக்கொண்டு போனா?"

கிளெமென்ற் பையைத் துழாவினார். ஓர் ஆணியை எடுத்து ஈரப் பூச்சின் மூலையில் சிங்களத்தில் கீறினார்: பைப் கசிவு, திருத்தியது இன்னார், இன்ன தேதி, அடையாள அட்டை இலக்கம் இது.

"இப்ப சுவரிட்டையும் ஐடென்ரிற்றி இருக்கு."

அரசாங்கச் சிங்களப் பரீட்சையில் முதல் தரத்தில் தேறிய ரீச்சர், அந்தப் பயத்திலும் கொண்டை ஊசியால் இரண்டு எழுத்துப் பிழை திருத்தினார்.

பதினோராம் நாள் காலை, கிளெமென்ற் சுவரில் கை வைத்துக்கொண்டு நிற்கும்போதே ஆமி செக்கிங்குக்கு வந்தது. கோப்ரல் மூலையில் இருந்ததை வாசித்தான், கிளெமென்றின் அட்டையை வாங்கி இலக்கம் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. சுவருக்கு அட்டை எழுதுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். உடைத்துக் காட்டு என்றான். வாசலில் நாகேந்திரம், வா என்று அவர்கள் சொல்வதற்கு முன்பே சேர்ட்டை மாட்டத் தொடங்கினார்.

கிளெமென்ற் உளியை எடுக்கவில்லை. குற்றியை எடுத்தார். உள்ளே பொந்து இருந்தால் சத்தம் சொல்லும், தொப்பியைக் கழற்றிவிட்டுக் காதை வையுங்கள், மாத்தையா, என்று சிங்களத்தில் சொன்னார். இன்னும் பச்சைப் பூச்சு, ஓர் இடத்தில் 'டொப்' என்றாலும் போயிற்று என்பது அவருக்குத்தான் தெரியும். வியர்த்த முகத்தோடு கோப்ரல் ஒரு பக்கம், கிளெமென்ற் ஒரு பக்கம், இரண்டு காதும் ஒரே சுவரில்.

டக். டக். மேலிருந்து கீழ்வரை, டக்.

கோப்ரல் இன்னொரு தடவை தானே தட்டிக் கேட்டான். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, மருதானையில் தன் அக்கா வீட்டுச் சுவரும் இப்படித்தான் கசிகிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

நாகேந்திரம் சேர்ட்டோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். ரீச்சர் தேத்தண்ணிக்குப் போனார். கிளெமென்ற் மட்டும் சுவரை விட்டு அசையவில்லை. கோப்ரலின் காது பட்ட இடத்தில் வியர்வை கறுப்பாக ஊறியிருந்தது. பென்சிலை எடுத்தார், அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, உள்ளே அன்றைய தேதியை எழுதினார்.