ஓடு மாற்றித் தருவதாகச் சொன்ன தரகர்

திருக்கழுக்குன்றத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஓட்டு வீடு ஒழுகியது. வீட்டுக்காரரின் தரகர், "பதினோரு மாசத்துக்குப் புதுசா அக்ரிமெண்டு போட்டுக் குடு, ஓடு மாத்தித் தரேன்" என்றார். நான் அப்போது பிள்ளைத்தாய்ச்சி; நம்பிக் கையெழுத்திட்டோம். அவர் ஓடு மாற்றவில்லை.

கெடு முடிந்ததும் காலி செய்யச் சொன்னார். மழைக்காலம் போகட்டும் என்று கெஞ்சினோம். மறுநாளே ஆட்களோடு வந்தார். "ஓடு ஓடுன்னு கேட்டுகினு இருந்தியே!" என்று சிரித்தபடி கூரையைப் பிரிக்கச் சொன்னார். காய்ச்சலில் கிடந்த எங்கள் கைக்குழந்தைமேல் மழை கொட்டியது. அவள் பிழைக்கவில்லை.

செங்கல்பட்டு வக்கீல் ஒருவர் பிறகு சொன்னார்: "கெடு முடிஞ்சாலும் கோர்ட்டு உத்தரவு இல்லாம யாரும் உங்களைக் கிளப்ப முடியாதேம்மா."

இப்போதைய வீடும் ஒழுகுகிறது. சென்ற மழையில் இந்த வீட்டுத் தரகர் அக்ரிமெண்டு நீட்டினார். ஒழுகும் இடத்தில் பாய் போட்டு அவரை உட்காரவைத்தேன். காகிதத்தில் மை கரையும்வரை பேசவிட்டேன்.