பத்தாவது நொடிப் படம்

பேத்திக்குக் கொலுசு வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தேன். பட்டறைச் சந்து ஒன்றில் பழைய எக்ஸ்ரே படங்களை ஊறவைத்து வெள்ளி பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியதும் கொலுசு மறந்துபோனது. வாலிபத்தின் வாசனை என்றால் சிலருக்கு மல்லிகை வாய்க்கும். எனக்கு வாய்த்தது படம் கழுவுகிற தண்ணீர்.

எழுபதுகளின் கடைசியில், சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றின் இருட்டறையில் படம் கழுவிக்கொண்டிருந்தேன். பெண் வீட்டார் உத்தியோகம் என்னவென்று கேட்டால், "பெரிய டாக்டருக்குப் பக்கத்துலங்க" என்று என் அப்பா மழுப்புவார்.

பெரிய டாக்டர் என்பது பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்த முதல் ஆள். மூளைக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதுதான் அவருடைய பித்து. எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்தைக் கழுத்து ரத்தக்குழாயில் ஏற்றி, தலைக்கடியில் படம் அடைத்த கேசட்டைக் கையாலேயே மாற்றி மாற்றி நான்கு படம் எடுப்போம். அடிபட்ட மூளையில் ரத்தம் மெதுவாகத்தான் ஏறும், மூளை செத்துவிட்டது என்று சொல்லுமுன் நான்காவது படத்துக்குப் பத்தாவது நொடிவரை காத்திருக்க வேண்டும் என்று சொன்னவர் அவர். "அவசரப்பட்டா உசிரோட இருக்கறவனைப் புதைச்சிடுவோம்" என்பார். ஆனால் அவர் கை மட்டும் காத்திருக்காது. படம் கெட்டால் அந்த ஈரப் படத்தாலேயே முகத்தில் அறைவார். எனக்கு முன்பிருந்தவன் அதில்தான் வேலையை விட்டு ஓடினான்.

ஒரு மத்தியானம், நாமகிரிப்பேட்டையில் லாரி மோதிய ஓர் இளைஞனைக் கொண்டுவந்தார்கள். கூட வந்த அவன் அப்பாவின் வேட்டியெல்லாம் மஞ்சள் தூள். மண்டியிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தார். மூன்று படங்களில் மருந்து மண்டைக்கு அடியிலேயே நின்றிருந்தது. நான்காவது கேசட்டை இருட்டில் திறந்தேன். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. உள்ளே படம் போடவே மறந்திருந்தேன்.

டாக்டருக்கு மெட்ராஸ் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இதே ரத்த ஓட்டத்தைப் பற்றித்தான் அங்கே பேசப் போகிறார். கதவைத் தட்டினார்.

"பத்தாவது நொடி?"

உண்மையைச் சொன்னால் மறுபடி ஊசி போட்டு எடுத்திருப்பார். அதற்கு முன்னால் என்னை அறைந்திருப்பார்.

"அதுலயும் ஏறலைங்க சார்."

"வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க" என்றார் அந்த அப்பாவிடம்.

"நெஞ்சு ஏறி எறங்குதுங்களே சாமி..."

டாக்டர் நிற்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த அப்பா வந்தார். மகனைப் போட்டோவே எடுத்ததில்லையாம். எக்ஸ்ரே படமாவது வேண்டுமாம். "ஒம்போது நாள் இருந்தானுங்க. ஏழாம் நாளு கண்ணு முழிச்சானுங்க. அதுக்குள்ள ஊட்டு முன்னால பந்தல் போட்டுட்டமுங்க. பந்தல் யாருக்குன்னு கேட்டானுங்க."

டாக்டர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பத்தாவது நொடிப் படத்தை எடுத்துட்டு வா."

"பழைய படமெல்லாம் வெள்ளிக்காரருக்குப் போட்டாச்சுங்க சார்."

மற்ற மூன்றும் போனது நிஜம்தான். டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை, கையும் ஓங்கவில்லை. ஏழு வருஷத்தில் அப்படி ஒரு நாள் அது ஒன்றுதான். அன்று அறைந்து தொலைத்திருக்கலாமே என்று இன்றும் ஆத்திரமாக வருகிறது.

டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். இருட்டறை இருந்த இடத்தில் மருந்துக்கடை வந்துவிட்டது. இப்போது மெஷினே எல்லா நொடியையும் எடுத்துக்கொள்கிறது. அறை வாங்க ஆள் வேண்டியதில்லை. அந்த மூன்று படங்களின் வெள்ளி யார் காலிலோ கொலுசாகி நடந்து தேய்ந்திருக்கும்.

நான்காவதற்கு அந்த வெள்ளிகூடக் கிடையாது.