நாயிடம் சொன்ன திட்டு

நாய், பூனை கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் என் அத்தை, அவற்றை வளர்ப்பவர்களை நேராகத் திட்டமாட்டாள். பிராணியிடம்தான் ஜாடையாகச் சொல்லுவாள்.

அன்று ஒருவர் மூச்சிரைக்கும் நாயைத் தூக்கி வந்தார். ஈறு வெளுத்திருந்தது.

“உன்னைக் கூட்டிட்டு வர ஐயாவுக்கு இப்பத்தான் ஒழிஞ்சுதா, கண்ணு?” என்று நாயிடம் கேட்டாள் அத்தை.

அவரும் சளைக்கவில்லை. “வாடா, மரியாதை தெரிஞ்ச இடமாப் பார்த்துப் போவோம்” என்று நாயோடு திரும்பினார்.

அத்தை கதவை மறித்துக்கொண்டு, முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“வழியிலேயே செத்துடும். நாயைக் கொடுத்துட்டு, டாக்டர்கிட்ட என்னைப் பத்தி என்ன வேணா சொல்லுங்க.”

கொடுத்தார். மருந்து ஏறி நாய் தலைதூக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அப்புறம் டாக்டரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னார்.