வோபர்னுக்கு வந்த சிற்றரசர்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஊரைவிட்டு வெளிநாடு வந்து, வோபர்னில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். சனிக்கிழமை பின்னேரம் லிப்ட் திறக்கும் சத்தம் கேட்டதும் அப்பா டிவியை நிறுத்திவிடுவார். மற்ற நாட்களில் அதே டிவிக்காக எங்களோடு மல்லுக்கட்டுகிற அப்பாதான்.

வருகிறவர் சொந்தக்காரர் இல்லை, இயக்கத்துக்கு இங்கே பொறுப்பாக இருந்தவர். இரண்டு இளைஞர்களோடு வருவார். எல்லாரும் எங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார்கள். அவர் மட்டும் பனி ஒட்டிய சப்பாத்தோடு கார்பெட்டில் நடந்து வந்து அப்பாவின் கதிரையில் உட்காருவார். அம்மா புட்டும் நண்டுக் கறியும் பரிமாறுவார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்பா நின்றுகொண்டே இருப்பார். நண்டுக்கால் உடைபடும் சத்தம் மட்டும் கேட்கும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது ஊரில், வன்னியில் இருந்தார். அங்கிருந்து வெளியே வர அவருக்கு இயக்கம் தரும் பாஸ் வேண்டும். இந்த மனுஷர் அங்கே ஒரு சொல் சொன்னால் கிடைத்துவிடும் என்று வீட்டில் குசுகுசுப்பார்கள். அப்படியென்றால் நல்லவர்தானே என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

ஒரு கிழமை வகுப்பில் ரீச்சர் பழைய அயர்லாந்தின் சிற்றரசர்களைப் பற்றிச் சொன்னார். ஆட்களோடும் நாய்களோடும் குடிமக்களின் வீட்டில் வந்து இறங்குவார்களாம். அத்தனை பேருக்கும் சாப்பாடு போடுவது வீட்டுக்காரரின் கடமையாம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்கள் வீட்டுக்கும் ஒரு சிற்றரசர் வருகிறாரே! அந்தச் சனிக்கிழமை, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்கவேயில்லை.

அவர் சிரித்தார்.

"சாப்பாடு குடுக்காட்டி என்ன செய்வினமாம், பிள்ளை?"

"மாடெல்லாத்தையும் சாய்ச்சு ஓட்டிக்கொண்டு போயிடுவினமாம், அங்கிள். ஆனா எங்கட வீட்டில மாடு இல்லை."

அவர் நண்டுக்காலைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். சுவரில் இருந்த மாமாவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓம்," என்றார் மெதுவாக. "மாடு இல்லைத்தான்."

அம்மா இன்னோர் அகப்பை கறியை அவருக்கு ஊற்றினார். பிறகு இன்னொன்று. கோப்பை வழிந்தது. அவர் போதும் என்று சொல்லவில்லை. மனுஷருக்கு நல்ல பசி போல என்று நினைத்தேன்.

அவர்கள் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன். "மாமாவின்ர படத்தை எவ்வளவு நேரம் பார்த்தவர் எண்டு கண்டனீங்களோ? இந்தக் கிழமை கட்டாயம் பாஸ் எடுத்துக் குடுப்பார்," என்றேன். அம்மா குழாயை மூடாமலே அழத் தொடங்கினார். சந்தோஷத்தில்தான் அழுகிறார் என்று நினைத்து, நான் அவரைக் கட்டிக்கொண்டு சிரித்தேன்.