ஏழாவது கேள்வி

எங்கள் ஆபீசில் படிவம் வந்தால் ஒருவர் நிரப்புவார். மற்றவர்கள் அதைப் பார்த்து டிக் போடுவோம். இன்சூரன்ஸ் கிளெய்ம் தாள்களைச் சரிபார்க்கும் எங்கள் பிரிவில் பல வருஷமாக இதுதான் வழக்கம். தனியாக மாற்றிப் போட்டால் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பாரே என்ற பயம்.

போன வருஷம் எங்கள் வேலையில் பாதியைக் கம்ப்யூட்டரே பார்க்கத் தொடங்கியது. பிரிவுகளைக் கலைத்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி கலைத்தார்கள். ஒரு மாதம் சரிபார்ப்பு, அடுத்த மாதம் போனில் பதில் சொல்வது. அந்தக் குழப்பத்தில்தான் ஊழியர்களின் விருப்பம் கேட்டு ஒரு படிவம் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் நிரப்பி வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. லஞ்ச் டப்பாவை மூடியபடியே பார்த்துப் போட்டேன். ஏழாவது கேள்வி: எந்த ஊருக்கும் போகத் தயாரா? தயார்.

மூன்றே வாரத்தில் திருச்சிக்கு மாற்றல் வந்தது. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகள் பிளஸ் டூ. பெருங்களத்தூர் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஹெச்.ஆர். பெண் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினாள். "நீங்களே தயார்னு போட்டிருக்கீங்களே மேடம்?"

பார்த்துப் போட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

"பொண்ணு பிளஸ் டூம்மா" என்றேன்.

"புரியுது மேடம். ஆனா இங்க உங்க சீட்டே இப்ப இல்ல. அடுத்த மாசம் நான் எங்க இருப்பேன்னு எனக்கே தெரியாது."

நாற்பத்தேழு வயதில், ஒரே வேலை தெரிந்தவளை வேறு யார் எடுப்பார்கள்? மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டேன்.

மகளிடம் சொன்னபோது சிரித்துவிட்டாள். "கேள்விய ரெண்டு தடவ படின்னு தினமும் என் உயிர வாங்குவியேம்மா. நீ காப்பியடிச்சியா?" பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப பரீட்சைக்கு நீ இருக்க மாட்டியா?"

"லீவு போட்டு வந்துடறேன்."

லீவுக்கும் ஒரு படிவம். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்து நிரப்பினேன். பரிசீலனையில் என்று பதில் வந்தது. கீழ்வீட்டு அக்கா ராத்திரி துணைக்கு வந்து படுத்துக்கொள்கிறார். நான் வாரக் கடைசியில் திருச்சியிலிருந்து வந்து போகிறேன்.

நாளை மறுநாள் முதல் பரீட்சை என்ற ஞாயிற்றுக்கிழமை, கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு மகளும் வந்தாள். பஸ் தயாராக நின்றது. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையைக் கையில் கொடுத்தாள். "தமிழ் பேப்பர்தானேம்மா. நான் பாத்துக்கறேன். நீ ஏறு."

ஏறினேன். கூடுவாஞ்சேரி தாண்டும்போது மறுபடி போனைப் பார்த்தேன். பரிசீலனையில் என்றே இருந்தது.