விவரம் போதாது

முப்பது வருடம் தமிழ் விடைத்தாள் திருத்திய கைக்குச் சிவப்புப் பேனா இல்லாமல் படிக்க வராது. ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. நாவலோ தன்வரலாறோ, எது கைக்கு வந்தாலும் ஓரத்தில் குறிப்பு எழுதி, கடைசிப் பக்கத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்று வட்டமிட்டால்தான் எனக்குப் புத்தகம் முடிந்த மாதிரி. இப்போது வருகிற புத்தகங்களில் முக்கால்வாசி ஃபெயில்.

போன மாதம் சிறுமலையை வைத்து ஒரு நாவல் வந்தது. எழுதியவர் அங்கே இரண்டு நாள் அறை எடுத்துத் தங்கியிருப்பார் போல. முதல் அத்தியாயம் முழுக்கப் பனிமூட்டம். கதாநாயகி சிறுமலைப் பழத்தை உரித்து, சாறு முழங்கை வரை வழியத் தின்கிறாள். அந்தப் பழத்தில் சாறு எங்கே இருக்கிறது? தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே கெட்டியாக இருக்கும் வாழைப்பழம் அது. அதனால்தான் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வாங்கி வெளியூருக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு பழத்தைத் தின்று பார்க்காதவர் ஒரு மலையை எழுத வந்துவிட்டார். பன்னிரண்டு போட்டேன். அதிலும் இரண்டு அட்டைப்படத்துக்கு.

இன்னொன்று எண்ணூறு பக்கம். கதாநாயகன் மூன்று பக்கத்துக்குக் காப்பி போடுகிறான். பால் பொங்குவதற்குள் எனக்கு இரண்டு முறை கண் சொருகிவிட்டது. அவனுக்கு வேலை வெட்டி எதுவும் கிடையாது, ஜன்னல் மட்டும் உண்டு. அதன் வழியாக எதையாவது பார்த்து எதையாவது நினைத்துக்கொண்டே இருக்கிறான்.

தன்வரலாறுகள் இன்னும் மோசம். ஓய்வு பெற்ற அதிகாரிகள் எல்லாருக்கும் ஒரே வாழ்க்கைதான் போலிருக்கிறது. வெறுங்காலோடு பள்ளிக்கு நடந்தார்கள், பெரிய இடத்திலிருந்து நெருக்கடி வந்தது, பணியவில்லை, தூக்கியடிக்கப்பட்டார்கள். கட்டிய மனைவி சமர்ப்பணத்தில் ஒரு தரம், ஏதாவது ஒரு விருந்தில் ஒரு தரம் தலைகாட்டுவார். தான் தப்பு செய்த ஒரு நாளாவது எழுதியிருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பேன். இருக்காது. இப்படிக் குற்றமே செய்யாத இத்தனை பேர் ஆண்ட நாடு ஏன் இந்த லட்சணத்தில் இருக்கிறது என்று ஓரத்தில் எழுதி வைப்பேன்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்தால் கோடீஸ்வரர் ஆகலாம் என்கிற புத்தகங்களும் வருகின்றன. எங்கள் தெருப் பால்காரர் மூன்றரைக்கே எழுந்துவிடுகிறார், சைக்கிள்தான் வைத்திருக்கிறார். வரலாற்று நூல்களில் பத்தாம் பக்கத்தில் ‘இருக்கலாம்’ என்றது நாற்பதாம் பக்கத்தில் ‘இருந்தது’ ஆகி, நூறாம் பக்கத்தில் உலகத்துக்கே நாம்தான் கற்றுக்கொடுத்தோம் என்று முடிகிறது. பத்தாம் வகுப்புப் பையன் இப்படி எழுதினால் அடித்துவிடுவேன், பேனாவால்தான்.

புத்தகம் இப்படி என்றால் அதை வெளியிடும் கூட்டம் அதற்கு மேல். அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பொன்னாடை போடுவார்கள். ‘நேரமின்மையால் முழுவதும் படிக்க முடியவில்லை, ஆனாலும்’ என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசுவார்கள். படித்துவிட்டுப் பேசுவதால் என்னை யாரும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை.

அப்படிப்பட்ட என்னைத்தான் கணக்கு டீச்சர் கூப்பிட்டார். வடமதுரைப் பக்கம் ஒரே பள்ளியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தோம். திண்டுக்கல்லிலிருந்து தினமும் ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவர் தன் வாழ்க்கையை எழுதிச் சொந்தமாக அச்சடித்திருந்தார். சர்ச் ஹாலில் வெளியீடு. “நீங்க ஒருத்தர்தான் டீச்சர் நெசமாவே படிச்சிட்டுப் பேசுவீங்க” என்று முதல் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

சிநேகிதிதானே என்று பேனா சும்மா இருக்குமா? ‘மிகை’, ‘கூறியது கூறல்’, ‘இங்கே அழ வேண்டாம்’ என்று எழுதிக்கொண்டே போனேன். அவர் வீட்டுக்காரர் இறந்த நாளுக்கு வந்தேன். பதினேழு வருடத்துக்கு முந்திய சங்கதி. மொத்தமே மூன்று வரி. ‘காலையில் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். நான் பள்ளிக்குப் போனேன். பதினொரு மணிக்குத் தகவல் வந்தது.’ அவ்வளவுதான். அன்றைக்குத் தலைமையாசிரியர் அறையிலிருந்து அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, கார் பிடித்து, திண்டுக்கல் வரை மடியில் சாய்த்துக்கொண்டு வந்தவள் நான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்குச் சுருக்கென்றது. ‘விவரம் போதாது. பஸ்ஸில் மனநிலை என்ன? உடன் இருந்தவர் யார்? விரித்து எழுதுக’ என்று கொஞ்சம் அழுத்தியே எழுதினேன். கடைசியில் நாற்பத்தொன்று போட்டேன். பாஸ்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தன்று சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக ஆட்டோவில் வந்தார். நான் உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். புத்தகம் மேஜைமேல் கிடந்தது என்பது கொசுவம் வைக்கும்போதுதான் உறைத்தது. ஓடி வந்து பார்த்தால் கையில் எடுத்துவிட்டார். அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பழக்கதோஷம் டீச்சர், மன்னிச்சிருங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“விவரமாத்தான் மொதல்ல எழுதியிருந்தேன். அப்பறம் எடுத்துட்டேன்.”

“ஏன் எடுத்தீங்க?”

“அன்னைக்கு பஸ்ல உங்ககிட்டதான் கேட்டேன் டீச்சர். அவுகளுக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதாம், எறங்கி வீட்டுக்குத் திரும்பிப் போயிரட்டுமான்னு. பஸ்ஸு ஊரைக்கூடத் தாண்டல அப்ப. நீங்க ஏதோ நாவல் படிச்சிட்டு இருந்தீங்க. நிமுந்துகூடப் பாக்கல. ‘செத்த பொறுங்க டீச்சர், அஞ்சு பக்கந்தான் இருக்கு’ன்னீங்க. சரி, முடிச்சிட்டுச் சொல்லுவீங்கன்னு உக்காந்திருந்தேன். அதுக்குள்ள வடமதுரை வந்துருச்சு.”

அந்த நாளின் மதியம் எனக்குத் துல்லியமாக ஞாபகம் இருந்தது. காலை துளிகூட இல்லை.

“அதை எப்பிடி எழுதுறது?” என்றார். “நீங்க படிப்பீங்கள்ல.”

புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்து, “வாங்க, நேரமாச்சு” என்று எழுந்தார்.

ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து, நாற்காலி போதுமா, வந்தவர்களுக்கு வடை காணுமா என்று பேசிக்கொண்டே வந்தார். நான் உம் கொட்டினேன். வெட்கமாக இருந்தது, அழுகையாக வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பஸ்ஸில் நான் படித்து முடித்த நாவல்களை ஒவ்வொன்றாக நினைவில் எடுத்துப் பார்த்தேன். அந்த ஐந்து பக்கத்தில் யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று தெரியவில்லை. அது எந்தப் புத்தகம் என்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.