கர்ச்சீப்பும் கரும்புகையும்

பால் பண்ணையின் எஞ்சின்காரருக்கு மாடென்றால் பயம். சாண எரிவாயுவில் எஞ்சினை ஓட்டிப் பன்னிரண்டு வருஷமாகப் பிழைக்கிற மனிதர், அந்தச் சாணத்தைத் தருகிறவர்களைக் கண்டால் பத்தடி தள்ளித்தான் நடப்பார்.

எஞ்சினுக்குப் பற்றவைக்கக் கொஞ்சம் டீசல், இழுக்க எரிவாயு. எதைக் குறைத்து எதைக் கூட்டினால் இழுவையும் குறையாது, புகையும் வராது என்பதை அவர் காதாலும் கர்ச்சீப்பாலும் கண்டுபிடிப்பார். வெள்ளைக் கர்ச்சீப்பைப் புகைக்குழாய் முன்னால் பத்து எண்ணும்வரை பிடிப்பார். லேசாக மங்கினால் சரி, கறுத்தால் வால்வைத் திருப்புவார்.

மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "இன்னும் ஒரு கர்ச்சீப் கறுத்து வந்துச்சுன்னா நீங்களே துவைச்சுக்கங்க."

அன்றிலிருந்து எஞ்சின் அறையிலேயே திருட்டுத்தனமாகத் துவைத்து, எஞ்சின் காற்று இழுக்கும் குழாய்க்குப் பக்கத்தில் காயப்போட்டார். நொடியில் காய்ந்தது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

புகை அளக்க அதிகாரி வந்த அன்று முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார். "புகை அளவு தாண்டுச்சுன்னா எஞ்சினை வித்துருவேன். நீங்க கொட்டகையில பால் கறக்கப் போயிடுங்க."

அதிகாரி கருவியைப் புகைக்குழாயில் செருகினார். நேற்றுவரை சமர்த்தாக ஓடிய எஞ்சின் குபுகுபுவென்று கரும்புகை கக்கியது. எஞ்சின்காரர் வாயுவைக் குறைத்தார். டீசல் ஏறியது, புகையும் ஏறியது. வாயுவைக் கூட்டினார். எஞ்சின் இருமியது. நாற்பது மாடுகளும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன.

"இன்னும் அஞ்சு நிமிஷம் பார்க்கறேன்" என்றார் அதிகாரி.

அப்போது மனைவி சாப்பாட்டுத் தூக்குடன் உள்ளே வந்தார். புகையைப் பார்க்கவில்லை. நேரே காற்றுக்குழாயிடம் போய், அதன் வாயில் அப்பியிருந்த ஒன்றைப் பிடுங்கினார்.

"நாலு நாளா இந்தக் கர்ச்சீப்பைத் தேடறேன்."

காற்று கிடைத்ததும் எஞ்சின் பெருமூச்சு விட்டுச் சீராக ஓடியது. புகை வெளுத்தது. அதிகாரி அளவைக் குறித்துக்கொண்டு, 'எஞ்சின் அறையில் துணி காயப்போடக் கூடாது' என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். எஞ்சின்காரர் சந்தோஷத்தில் அழுதே விட்டார்.

"துவைக்கத்தான் தெரியுதே, இனிமே இந்தக் கர்ச்சீப்புங்க வீட்டுப் பக்கம் வரக்கூடாது" என்றார் மனைவி.

"சரி, எங்க காயப்போடறது?"

முதலாளி கை காட்டினார். பண்ணையில் இருந்த ஒரே துணிக்கொடி மாட்டுக் கொட்டகைக்குள் கட்டியிருந்தது.

சாயங்காலம் எஞ்சின்காரர் துவைத்த கர்ச்சீப் வாளியோடு கொட்டகை வாசலில் நின்று, முதல் மாட்டிடம் மெல்லக் கேட்டார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா?"